விண்ணப்பத்தில் பிறந்த நீர்நாய்

ஏரிக்கரையில் நீர்நாய் இருக்கிறது என்ற செய்தியைக் கேட்டு அந்த ஊரிலேயே அதிகமாக ஆடிப்போனவர், ஏரிக்கரையில் நீர்நாய் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தவர்தான்.

நகராட்சியில் அவர் பூங்கா அதிகாரி. ஊரில் இருந்த ஒரே பூங்காவை வண்டி நிறுத்துமிடமாக மாற்றி வெகுகாலம் ஆகியும், அதிகாரி பதவியை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்கள். அலுவலக வாசலில் ஒரு கட்டில் போடுகிற அளவுக்குப் புல் வளர்ந்திருந்தது. அதற்குத் தண்ணீர் விடுவது, அதன்மேல் யாராவது ஸ்கூட்டரை ஏற்றினால் சத்தம் போடுவது, இரண்டும் அவர் பொறுப்பு. ஆகவே நகராட்சித் தலைவர் முதல் வாசல் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவர் 'புல்லு சார்'. அவரும் இதற்கெல்லாம் வருத்தப்படுகிற ரகமில்லை. சம்பளம் சொந்தப் பெயரில்தானே வருகிறது.

அன்று காலை அவர் கண்ணாடி முன்னால் நின்று முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்துவிட்டது, இன்னொரு கன்னத்தில் நுரை. நடைப்பயிற்சிக்குப் போயிருந்த மனைவி, காலில் மாட்டிய ஷூவைக் கூடக் கழற்றாமல் நேராகக் குளியலறை வாசலுக்கு வந்து நின்றாள். வீட்டுக்குள் ஷூ போட்டு நடப்பவர்களைப் பார்வையாலேயே பொசுக்குகிறவள் அவள்.

"ஏங்க, பாத்துட்டேங்க!"

"யாரை?"

"உங்க நீர்நாயை."

சவரக்கத்தி தாடையில் நின்ற இடத்திலேயே நின்றது. நுரைக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு கோடு இறங்கியது.

"நாயா இருக்கும்" என்றார்.

"நாய் தண்ணில மல்லாந்து படுத்துக்கிட்டு, மீனை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் கடிச்சுத் தின்னுமா?"

"அப்போ பெருச்சாளி."

"பெருச்சாளிக்கு என் கை நீளம் வாலு இருக்குமா? போங்க."

"புது மாத்திரை குடுத்தாங்களே, அதுல சில பேருக்குக் கண்ணு முன்னாடி என்னென்னமோ தெரியும்னு..."

"எனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியுது. உங்களுக்குத்தான் எது நுரை, எது மூஞ்சின்னு தெரியாத அளவுக்கு வெளுத்துப்போச்சு. ரத்தம் வருது பாருங்க, துடைங்க." துண்டை எடுத்து அவர் தோளில் போட்டாள். "குட்டியும் இருக்குங்க. மூணு. மீசை, நிறம்னு நீங்க சொன்னீங்களே, அச்சு அசல் அதே மாதிரி. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?"

குட்டி என்ற சொல்லைக் கேட்டதும் புல்லு சார் கழிப்பறை மூடியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அந்த அதிர்ச்சிக்குக் காரணம் உண்டு. அதைச் சொல்ல வேண்டுமானால் அந்த அம்மாளின் இதயத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

போன வருஷம் அவளுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. டாக்டர் கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "நடங்க." எங்கே நடப்பது என்று அவர் சொல்லவில்லை, மருத்துவப் படிப்பில் அது வராது போலிருக்கிறது. வீட்டு வாசலில் இறங்கினால் லாரி. ஓரமாக ஒதுங்கினால் பைக். அதற்கும் ஓரமாக ஒதுங்கினால் சாக்கடை மூடி, அதுவும் மூடாத மூடி. முதல் நாளே ஒரு பைக்கின் கண்ணாடி அவள் முழங்கையைத் தட்டிவிட்டுப் போனது. ஓட்டியவன் திரும்பிப் பார்த்து, "பாத்து நடக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டும் போனான். மறுநாளிலிருந்து மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடந்தாள். தலைசுற்றி விழப்போனாள். அதன்பின் நடக்கவே இல்லை. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது, பக்கத்தில் நின்றுகொண்டிருப்பதைத் தவிரப் புல்லு சாரால் எதுவும் செய்ய முடியவில்லை.

ஊருக்கு வெளியே ஓர் ஏரி இருந்தது. அதைச் சுற்றி ஒரு நடைபாதை போட்டால்? தலைவரிடம் போய்க் கேட்டார். "நடக்கறதுக்கெல்லாம் எவன்யா ஓட்டுப் போடுவான்?" என்றார் தலைவர். ஆனால் அரசாங்கத்தில் ஒரு திட்டம் இருந்தது: திறந்தவெளிப் பொழுதுபோக்குக்கும் வனவிலங்கு வாழிடத்துக்கும் சேர்த்து மானியம். சேர்த்து என்பதுதான் சிக்கல். மனிதன் நடக்கப் பாதை வேண்டுமென்றால் பக்கத்தில் ஏதாவது ஒரு பிராணி வசித்தாக வேண்டும். அந்த ஏரியிலோ சாக்கடைத் தண்ணீரும் அதில் பிறந்த கொசுவும்தான் வசித்தன. கொசு அந்தத் திட்டத்தின் கீழ் வரவில்லை.

மூளையைக் கசக்கிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தபோது உதவிக்கு வந்தவர் எதிர் மேஜைக் கணக்காளர். கணக்கில் இல்லாததை இருப்பதாகக் காட்டியே தலை நரைத்தவர்.

"மான் போடுவோமா?" என்றார் புல்லு சார்.

"மான்னா எத்தனைன்னு எண்ணிக் காட்டச் சொல்லுவான் சார்."

"மயில்?"

"மயில் கத்தும். கத்தலைன்னா ஏன் கத்தலைன்னு கேப்பான்."

"அப்ப எதைத்தான்யா போடறது?"

கணக்காளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி வந்தார். "நீர்நாய் போடுங்க. தண்ணிக்குள்ள இருக்கற ஜீவன். வெளிய தெரியாது. ஆளைக் கண்டா ஒளிஞ்சுக்கும். வந்து பாக்கறவன் கண்ணுல படலைன்னா அது இருக்குன்னுதான் சார் அர்த்தம்."

இப்படித்தான், காலைத் தேநீர் வருவதற்குள் அந்த ஏரியில் நீர்நாய் பிறந்தது. புல்லு சார் அதற்கு மீசை வைத்தார், சாம்பல் கலந்த பழுப்பு நிறம் கொடுத்தார், நல்ல குணமும் கொடுத்தார். விண்ணப்பத்தில் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது: பிராணி குட்டி போட்டால் மனித நடமாட்டத்தை எப்படிக் கட்டுப்படுத்துவீர்கள்? இல்லாத பிராணி எங்கே குட்டி போடப்போகிறது? கல்யாணமே ஆகாதவன் பேரனுக்குச் சொத்து எழுதுகிற தாராளத்தோடு அவர் எழுதினார்: 'நடைபாதை முழுவதும் நிரந்தரமாக மூடப்படும். இருக்கைகள் அகற்றப்படும். மனித நிழல்கூட அங்கே விழாது.'

படித்துப் பார்த்த கணக்காளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நிழல்கூடன்னு போட்டீங்க பாருங்க, அங்கதான் சார் நீங்க நிக்கறீங்க."

சரிபார்க்க ஒரு நிபுணர் வந்தார். நீர்நாய்களைப் பற்றித் தடித் தடியாகப் புத்தகம் எழுதியவர். வெயிலாக இருந்ததால் காரிலேயே இருந்தார். ஏரிக் காவலாளி வளர்த்த நாய் கரையில் விட்டுச் சென்றிருந்ததை ஒரு குச்சியில் எடுத்து வரச் சொல்லி, கண்ணாடியை இறக்கி முகர்ந்து பார்த்து, "சந்தேகமே இல்ல, வயசான ஆண்" என்று சான்று கொடுத்துவிட்டுப் போனார்.

பணம் வந்தது. நிபந்தனைப்படி முதலில் சாக்கடையை வேறு பக்கம் திருப்ப வேண்டியிருந்தது, வேறு வழியில்லாமல் திருப்பினார்கள். கரையில் நாணல் நட்டார்கள். பாதை போட்டார்கள். தலைவர் வந்து திறந்து வைத்தார். சின்ன வயதிலிருந்தே தமக்கு நீர்நாய் என்றால் உயிர் என்று பேசினார். அவர் பெயர் பொறித்த கல்வெட்டு, பாதையில் போட்ட பெஞ்சைவிடப் பெரிதாக இருந்தது. பக்கத்திலேயே ஒரு நீர்நாய்ச் சிலை. செதுக்கியவர் நீர்நாயைப் பார்த்ததில்லை, தலைவரைப் பார்த்திருந்தார். கையில் இருந்த மீனை நீக்கிவிட்டால் அடுத்த தேர்தலுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

புல்லு சாருக்கு அதெல்லாம் பொருட்டில்லை. அவர் மனைவி நடந்தாள். முதல் வாரம் முதல் வளைவு வரை. பிறகு சிலை வரை. பிறகு முழுச் சுற்று. ஒரு நாள் கடைக்குப் போய்விட்டுக் கை நிறையப் பைகளோடு மாடிப்படியில் நிற்காமல் ஏறி வந்து, "என்ன அப்படிப் பாக்கறீங்க? கதவைத் திறங்க" என்றாள். கதவைத் திறந்துவிட்டு அவர் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. சாக்கடை நின்றதால் தண்ணீர் தெளிந்தது. தெளிந்த தண்ணீரில் மீன் வந்தது. அரசாங்கப் பணத்தில் ஒரு வேலை ஒழுங்காக நடந்துவிட்டால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அங்கே யாருக்கும் அனுபவம் இல்லை. ஆற்றுப் பக்கமிருந்து எதுவோ மீனை மோப்பம் பிடித்து வந்துவிட்டது.

மனைவி வந்து சொன்ன அன்றே அலுவலகத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, கணக்காளரையும் இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார் புல்லு சார். இருவரும் நாணலுக்குப் பின்னால் குந்தியிருந்தார்கள். கணக்காளர், "சார், பொம்பளைங்க ஏதாவது நிழலைப் பாத்து..." என்று ஆரம்பித்தவர் அப்படியே வாயை மூடிக்கொண்டார். கல்வெட்டுக்கு அடியில் மண் சரிந்து ஒரு வளை இருந்தது. அதிலிருந்து மீசையோடு ஒரு முகம் வந்தது. உடம்பு வந்தது, வந்துகொண்டே இருந்தது, கடைசியில் வாலும் வந்தது. தண்ணீருக்குள் போய் ஒரு மீனோடு திரும்பி, தலைவரின் பெயருக்கு மேல் சௌகரியமாக உட்கார்ந்து தின்றது. மூன்று குட்டிகளும் வந்து அவருடைய பட்டங்களின் மேல் உட்கார்ந்துகொண்டன.

கணக்காளரின் முகத்தில் ஈயாடவில்லை. "சார்" என்றார் மெதுவாக, "நிறம் முதக்கொண்டு நீங்க எழுதின மாதிரியே இருக்கு. என் சர்வீஸ்ல எழுதினது ஒண்ணும் இந்த மாதிரி எந்திரிச்சு வந்ததில்ல. எனக்குப் பயமா இருக்கு சார். நான் ஒரு பாலம் வேற எழுதியிருக்கேன்."

புல்லு சார் எழுந்து, "சூ, சூ" என்றார். நீர்நாய் தின்பதை நிறுத்திவிட்டு, கூப்பிடாமல் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தது. பிறகு தின்ன ஆரம்பித்தது.

"வெடி வாங்கிப் போட்டா ஓடிடும் சார்."

"குட்டி வச்சிருக்குய்யா" என்றார் புல்லு சார். அதற்குமேல் அந்த யோசனையை இருவரும் பேசவில்லை.

மானியக் குழு பார்வையிட வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம், சாப்பாட்டு மேஜையில் மனைவியிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுபோயிற்று.

"பொய்யா எழுதினீங்க? நீங்களா? பால்காரர் சில்லறை கூடக் குடுத்தா தெருமுனை வரைக்கும் ஓடிப்போய்த் திருப்பிக் குடுக்கற ஆளு."

"உனக்காகத்தான்."

"சரி, பொய்தான். அதான் இப்ப நிஜமாயிடுச்சே. நிம்மதியா இருக்கறதுக்கு என்ன?"

மூடுவதாக எழுதிக் கொடுத்ததைச் சொன்னார். நிழல்கூட விழாது என்பதையும் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு கடுதாசி கூட நாலு வரிக்கு மேல எழுதினதில்ல. ஒரு நீர்நாய்க்கு இவ்வளவு உருகி எழுதியிருக்கீங்க" என்றாள்.

"நாளைக்கு அங்க நீர்நாயே இல்லைன்னு சொல்லிடறேன். நான்தான் பொய் எழுதினேன்னு ஒத்துக்கறேன். வேலை போனாப் போகட்டும். போட்ட பாதையைப் பேத்து எடுத்துக்கிட்டுப் போகமாட்டாங்க இல்ல?"

"அதாவது, அது இல்லாதப்ப இருக்குன்னு சொன்னீங்க. இருக்கறப்ப இல்லைன்னு சொல்லப்போறீங்க."

"ஆமா."

"பேஷ்" என்றாள் அவள். தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை குழு வந்து இறங்கியது. குழுத் தலைவி கண்டிப்பான அம்மையார், கையில் விண்ணப்பத்தின் நகல். நிபுணரும் வந்திருந்தார், இந்த முறை தொப்பியோடு. நகராட்சித் தலைவர் தம் சிலைக்குப் பக்கத்தில் நின்று வரவேற்றார். நீர்நாய்ச் சிலை என்றுதான் சொல்ல வேண்டும்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச வாயைத் திறந்தார். அதற்குள் புல்லு சார் முந்திக்கொண்டார்.

"மேடம், இங்க நீர்நாய் கிடையாது. ஒண்ணு கூடக் கிடையாது. எல்லாம் நானா எழுதினது."

தலைவருக்குத் திறந்த வாய் மூடவில்லை. "யோவ் புல்லு! உனக்கு என்ன பித்துப் பிடிச்சிருக்கா?"

நிபுணர் தொப்பியைக் கழற்றிவிட்டார். "இது என்னை அவமானப்படுத்தற பேச்சு! நானே நேர்ல வந்து ஆராய்ஞ்சு சான்று குடுத்திருக்கேன். வயசான ஆண்!"

"அது காவலாளி வீட்டு நாய் சார். அதுவும் பொட்டை."

குழுத் தலைவி கண்ணாடிக்கு மேலாகப் புல்லு சாரைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்கன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"புரிஞ்சுதான் மேடம். சத்தியமா இங்க ஒரு..."

நாணல் அசைந்தது. கல்வெட்டுக்கு அடியிலிருந்து அது வெளியே வந்தது. குழுவைக் கண்டுகொள்ளாமல், எல்லோருடைய கால்களுக்கும் முன்னால் பாதையைக் குறுக்கே கடந்தது. பின்னாலேயே ஒரு குட்டி. அதன் பின்னால் இன்னொன்று.

"யாரு வீட்டு நாய்யா இது?" என்று கத்தினார் நிபுணர், பெஞ்சின் மேல் ஏறிக்கொண்டே. "பிடிங்கப்பா! கடிச்சிடப்போவுது!"

யாரும் பிடிக்கவில்லை. தலைவர் சிலையையும் பிராணியையும் மாறி மாறிப் பார்த்தார். குழுத் தலைவி கையிலிருந்த நகலையும் பிராணியையும் மாறி மாறிப் பார்த்தார். மீசை, நிறம், வால், எல்லாம் வரிக்கு வரி சரியாக இருந்தன.

"எத்தனையோ வருஷமா இந்த வேலைல இருக்கேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். "விண்ணப்பத்துல எழுதினது நிஜத்துல நிக்கறதை இன்னிக்குத்தான் முதத் தடவையாப் பாக்கறேன்." அவருக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. பெஞ்சில் நிபுணர் நின்றுகொண்டிருந்தார்.

அப்போது வளைவில் புல்லு சாரின் மனைவி நடந்து வந்துகொண்டிருந்தாள். கடைசிக் குட்டி மட்டும் பாதையின் நடுவில் நின்றுவிட்டது. அதற்கு மூச்சு வாங்கியது. அவளும் நின்றாள். பின்னால் வந்தவர்களையும் கையைக் காட்டி நிறுத்தினாள். குட்டி ஆற அமர இளைப்பாறிவிட்டு, எழுந்து, தாயின் பின்னால் போனது.

"நீங்க இங்க தினமும் வர்றவங்களா?" என்று அவளிடம் கேட்டார் குழுத் தலைவி. "இது எப்பவும் இங்கதான் இருக்கா? இல்ல, சும்மா வழி தவறி வந்ததா?"

புல்லு சார் அவளையே பார்த்தார். வழி தவறி வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதை பிழைத்துவிடும். புருவத்தை உயர்த்தினார், உதட்டைக் குவித்தார், தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அவளுக்கு அவர் முகத்தின் அசைவெல்லாம் அத்துப்படி. பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

"இங்கதாங்க இருக்கு" என்றாள். "கல்லுக்குக் கீழதான் வீடு. மூணு குட்டி. கடைசிக்கு மட்டும் கொஞ்சம் இளைப்பு."

அதன்பின் நடந்தவை சட்டப்படி நடந்தன. எழுதிக் கொடுத்தபடி பாதை மூடப்பட்டது. பெஞ்சுகள் போயின. வேலி வந்தது. மனித நிழல் என்ற வரி மேலிடத்தில் எல்லோருக்கும் பிடித்துப்போய், பலகையிலேயே எழுதி மாட்டிவிட்டார்கள். புல்லு சார் ஒப்புக்கொண்ட பொய், 'அதிகாரியின் அளவுகடந்த தன்னடக்கம்' என்று குறிப்பில் ஏறியது. நிபுணர் அடுத்த புத்தகத்தை ஆரம்பித்தார். சிறந்த வாழிடத்துக்கான கேடயம் தலைவருக்குக் கிடைத்தது. கல்வெட்டை மட்டும் அகற்ற முடியவில்லை. அது இப்போது ஒரு வீட்டின் கூரை.

புல்லு சார் இரண்டு நாள் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலை அவர் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது அவளும் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீ எங்க?"

"உங்க கூடத்தான்."

கேடயத்தைத் தம் அறையில் எங்கே மாட்டுவது என்று பார்க்கச் சீக்கிரமே அலுவலகத்துக்கு வந்த தலைவர், நடைக்கூடத்தில் திகைத்து நின்றுவிட்டார். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை நீண்டு கிடந்த கூடத்தில், பூட்டிய அறைகளைக் கடந்து, கை வீசிப் புல்லு சாரின் மனைவி நடந்து வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஏரிக்கரையில் நடந்தவர்கள் அத்தனை பேரும். வரிவசூல் பிரிவில் திரும்பி, பிறப்பு இறப்புப் பிரிவைச் சுற்றி, மறுபடி தலைவர் அறை வாசலுக்கு வந்தார்கள். தலைவர் கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி வழிவிட்டார்.

"யோவ், என்னய்யா இது அக்கிரமம்?"

"நடைப்பயிற்சி ஐயா" என்றார் புல்லு சார். "வண்டி வராத இடம் ஊர்ல இது ஒண்ணுதான் பாக்கி."

தலைவர் யோசித்தார். கூடத்தின் நீளத்தைக் கண்ணால் அளந்தார். முகம் மெல்லத் தெளிந்தது. "ஏன்யா, இதுக்கும் அந்தத் திட்டத்துல ஏதாவது பணம் வருமா? நீ நல்லா எழுதுவியே, உக்காந்து எழுதிப் பாரேன்."

அடுத்த சுற்றில் வந்துகொண்டிருந்த புல்லு சாரின் மனைவியின் காதில் அது விழுந்தது. நடையை நிறுத்தாமல், திரும்பியும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனாள்:

"ஏங்க, என்ன வேணா எழுதுங்க. இந்த ஆபீஸ்ல ஏதோ உயிர் நடமாடுதுன்னு மட்டும் எழுதித் தொலைச்சிடாதீங்க."